சம்பந்தியம்மா தேடிப் பிடித்த சத்தம்

எனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். எழுத உட்கார்ந்தது சம்பந்தியம்மாவைப் பற்றித்தான். ஆனாலும் பேத்தியை முதலில் சொல்லாவிட்டால் கை நகர மாட்டேன் என்கிறது. தலை நிறைய முடி. மூக்கு எங்கள் பக்கத்து மூக்கு. போட்டோவைப் பார்த்தால் குருடனுக்கும் தெரியும். சரி, இனி சம்பந்தியம்மா.

என் மருமகனைப் பெற்றவர். தெருவில் போய் விசாரித்தால் "குழாயக்கா" என்று சொன்னால்தான் வீட்டைக் காட்டுவார்கள். ஆரம்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பெருக்கித் துடைக்கிற வேலை பார்த்தவர். அங்கே பிள்ளைகள் கை கழுவுகிற இடத்தில் ஒரு குழாய் ஒழுகிக்கொண்டே இருந்திருக்கிறது. பிளம்பரோ இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று இழுத்தடித்திருக்கிறார். ஈரத்தைத் துடைத்துத் துடைத்து இடுப்பு விட்டுப்போனது சம்பந்தியம்மாவுக்குத்தான். கடைசியில் அந்தப் பிளம்பர் மறந்துவிட்டுப் போன பைப் ரெஞ்சை எடுத்து, தானே கழற்றிப் பார்த்துவிட்டார். முதல் தடவை தண்ணீர் கூரை வரைக்கும் அடித்ததாம். வேடிக்கை பார்க்க வந்த பெரிய டீச்சர் தலையோடு குளித்தாராம். இரண்டாவது தடவை ஒழுகல் நின்றது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தவர் பிறகு அதைத் தொடவே இல்லை.

குழாய் வேலையில் அவருக்கு ஒரு பழக்கம். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் வாயை மூடிக்கொண்டு சும்மா நிற்பார். எங்கே சொட்டுகிறது, எங்கே இரைகிறது என்று காதால் தேடுவார். அவர் வாயை மூடுகிற நேரம் நாளில் அது ஒன்றுதான். பிறகு தண்ணீர் வீட்டுக்குள் வருகிற இடத்துக்குப் போய், அங்கிருந்து குழாயைக் கையால் தடவிக்கொண்டே கடைசி வரைக்கும் வருவார். ஒழுகுகிற குழாயைக் கடைசியில்தான் பார்ப்பார். "அழுற பிள்ளையவே அடிக்காதீங்க, கிள்ளினது யாருன்னு பாருங்க" என்பார்.

எல்லாம் தெரிந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டு மிக்சியை இரைகிறது என்று பிரித்து மாட்டினார். இரைச்சல் போய்விட்டது. மிக்சியும் போய்விட்டது. இரண்டு திருகாணி மிச்சம் இருந்தது. அதை என் உள்ளங்கையில் வைத்து, "இது கம்பெனிக்காரன் சும்மா அழகுக்குப் போட்டது" என்றார்.

அவர் குரலைச் சொல்லவில்லையே. எனக்குக் காது மந்தம். தகடு அடிக்கிற பிரஸ் மெஷின் பக்கத்திலேயே வேலை செய்து செய்து காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தவன் நான். இப்போது காது மிஷின் மாட்டிக்கொண்டு, பாதி காதாலும் பாதி அடுத்தவர் வாயைப் பார்த்தும் ஓட்டுகிறேன். மிஷின் இல்லாமலேயே எனக்குக் கேட்கிற ஒரே குரல் சம்பந்தியம்மாவுடையது. கல்யாணப் பேச்சுக்கு முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்கு, உட்காருங்கள் என்று சொல்வதற்குள் விறுவிறுவென்று சமையலறைக்குப் போய், புது உடுப்போடு தொட்டிக்கு அடியில் படுத்துவிட்டார். "பொண்ணு அப்புறம் பாக்கலாம். ஒரு ஸ்பானர் கொடுங்க" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. அன்றைக்கே எனக்கு அவரோடு ஒரு முட்டல். நம் வீட்டுக் குழாய் ஒழுகுவதை அடுத்தவர் கண்டுபிடித்தால் யாருக்குத்தான் பிடிக்கும்?

இப்போது போன் கதைக்கு வருகிறேன்.

மகளும் மருமகனும் இருப்பது கடல் தாண்டி. எங்களுக்குப் பயணத்துக்கு இன்னும் ஏற்பாடு ஆகவில்லை. செல்போனில் பேத்தியைப் படமாகப் பார்க்கிறேன். வாயைத் திறக்கிறாள், முகம் சிவக்கிறது, கால் உதறுகிறது. சத்தம் மட்டும் கிடையாது. செல்போனைக் காது மிஷினுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் வண்டு புகுந்த மாதிரி ஒரே கொர்ர். ஆனால் பழைய கம்பிப் போன் ஒன்று என்னிடம் இருக்கிறது. மிஷினில் ஒரு சின்னப் பொத்தானைத் தள்ளிவிட்டு அந்த ரிசீவரைக் காதில் வைத்தால், பேச்சு நேராக மண்டைக்குள் இறங்கும். சத்தம் கூட்டிக் கொடுக்கிற ரிசீவர் அது. வேறு யாரும் காதில் வைக்க மாட்டார்கள். "காது கிழிஞ்சிரும்" என்று என் வீட்டுக்காரி தூசி தட்டும்போதுகூட அதைத் தள்ளித்தான் பிடிப்பாள்.

அந்தப் போனுக்கு இருந்த கம்பி லைனைக் கம்பெனிக்காரர்கள் தெருவோடு எடுத்துவிட்டார்கள். மருமகன் கெட்டிக்காரன். அடாப்டர் என்று கைக்கு அடக்கமான ஒரு பெட்டியை அனுப்பி வைத்தான். ஒரு பக்கம் நெட், இன்னொரு பக்கம் பழைய போன். நெட் வழியாகவே பழைய போனில் பேசலாம். செல்போனில் முகம் காட்டியபடி, "மாமா, நெட் பாக்ஸ்ல செருகிட்டீங்களா?" என்று கேட்டான். என் வீட்டுக்காரி அதை என் முகத்துக்கு நேரே திருப்பிச் சொன்னாள். "செருகியாச்சு மாப்பிள்ளை" என்றேன். விளக்கெல்லாம் பச்சையாக எரிந்தது. ரிசீவரை எடுத்தால் ஊய்ங் என்று டயல் டோன். எண்ணை அழுத்தினேன். மணி அடித்தது. எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. கிணற்றுக்குள் காதை வைத்த மாதிரி.

"ஹலோ, ஹலோ" என்று கத்தினேன். செல்போனில் மகள், "நீங்க பேசுறது எங்களுக்கு நல்லாக் கேக்குதுப்பா" என்று சொன்னாளாம். அப்படியென்றால் போன் நன்றாக இருக்கிறது. கெட்டது என் காது.

வீட்டில் ஒருவர்கூட வேறு மாதிரி யோசிக்கவில்லை. நானும்தான். காது பார்க்கிற டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், போகப்போக வெறும் சத்தம் கேட்கும், பேச்சு பிடிபடாது என்று. இதோ, டயல் டோன் கேட்கிறது, பேச்சு கேட்கவில்லை. அவர் சொன்ன நாள் வந்துவிட்டது. மிஷினுக்குப் பேட்டரி மாற்றினோம். பஞ்சு வைத்துத் துடைத்தோம். என் வீட்டுக்காரி எண்ணெய் ஊற்றிப் பார்க்கலாம் என்றாள். நான் டாக்டரிடம் போகவும் மறுத்துவிட்டேன். அவர் வாயால் ஒரு தடவை கேட்டுவிட்டால் பிறகு நம்புவதற்கு என்ன இருக்கிறது? பேத்தி பேசக் கற்றுக்கொள்ளும்போது என் காதில் இழுத்துப் பூட்டிய கதவுதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இந்த நேரத்தில்தான் சம்பந்தியம்மா செல்போனில் பேத்தியின் அழுகையைக் கேட்டுவிட்டு, "அப்படியே என் குரல். ஆஸ்பத்திரியே எழுந்து நின்னுச்சாம்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்கு வயிறு எரிந்தது. இல்லை என்று சொல்ல என்னிடம் காது இல்லையே.

என் வீட்டுக்காரி எனக்குத் தெரியாமல் அவரைக் கூப்பிட்டுவிட்டாள். தோளில் பையோடு, கழுத்தில் கயிறு கட்டிய டார்ச்சோடு வந்து நின்றார்.

"இங்க எதுவும் ஒழுகல" என்றேன்.

"உங்க மூஞ்சிதான் ஒழுகுது சம்பந்தி. தள்ளுங்க."

வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு நின்றார். பிறகு நடையில் இருந்த போன் பக்கம் போய், நாங்கள் தடுப்பதற்குள் ரிசீவரை எடுத்துத் தன் காதில் வைத்தார். ஊய்ங்! ரிசீவரைப் போட்டுவிட்டுச் சுவரில் போய் முட்டிக்கொண்டார்.

"ஐயையோ! என்ன மனுஷங்க நீங்க, இதையா காதுல வைக்கிறீங்க?"

"அதான் யாரும் வைக்கிறதில்ல" என்றாள் என் வீட்டுக்காரி.

"யாருமே வைக்கலையா? அப்போ சத்தம் வரலங்கிறது இவரு ஒருத்தர் சொன்னதுதானா?"

"அவருக்குத்தானே அண்ணி காது கேக்காது?"

சம்பந்தியம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சரி, என் செல்லுக்கு இதிலிருந்து அடியுங்கள், நான் சமையலறையில் நின்று பேசுகிறேன் என்றார். அடித்தேன். எடுத்தார். "சம்பந்தி, கேக்குதா?" என்று கேட்டார். கணீரென்று கேட்டது.

"கேக்குது! கேக்குது!" என்று குதித்தேன்.

என் வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். "என்னங்க, போன்ல கேக்கல. சுவத்தைத் தாண்டிக் கேக்குது."

வாசலுக்குப் போனார். அங்கிருந்தும் கேட்டது. எதிர்வீட்டு டெய்லர் தையலை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். கடைசியில் தெருமுனைக் கடை வரைக்கும் போய் நின்றபிறகுதான் அவர் குரல் அடங்கியது. ரிசீவரைக் காதில் வைத்தேன். பழையபடி கிணறு. எனக்குச் சீ என்று ஆகிவிட்டது. ரிசீவரைக் கையில் பிடித்தபடியே வீட்டுக்காரியிடம், "மிக்சிய முழுங்கினது போதாதுன்னு இப்ப போனுக்கு வந்திருக்கு இந்தம்மா. இது வந்து என்னத்தக் கிழிக்கப் போகுது?" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் சம்பந்தியம்மா மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

"என்னத்தக் கிழிக்கிறேன்னு இருந்து பாருங்க" என்றார்.

என் வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"நீங்க பேசினது பக்கத்துல நின்னு பேசின மாதிரி வந்துச்சு. அப்போ போறது நல்லாத்தான் போகுது. வர்றதுல ஏதோ இருக்கு. இப்ப ஆள மாத்துவோம்."

இந்தத் தடவை என் வீட்டுக்காரி செல்லை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனாள். சம்பந்தியம்மா கைக்குட்டையை நாலாக மடித்து ரிசீவரின் மேல் வைத்து, அதைக் காதோடு அழுத்திக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கைக்குட்டையை எடுத்துவிட்டு வெறும் காதில் வைத்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சம்பந்தி" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் பார்த்ததே இல்லை. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். "எனக்கும் ஒண்ணும் கேக்கல. உங்க காதுக்கு ஒண்ணும் ஆகல."

நான் அப்படியே செருப்பு வைக்கிற பலகைமேல் உட்கார்ந்துவிட்டேன். கேட்காமல் போனதற்குச் சந்தோஷப்பட்ட ஆள் என்னைத் தவிர வேறு யாராவது இருப்பார்களா தெரியாது. "இன்னொரு தடவை வச்சுப் பாருங்க" என்றேன். வைத்தார். "ஒண்ணுமே இல்ல" என்றார். "நல்லாப் பாருங்க." "சத்தியமா ஒண்ணுமே இல்ல." காதில் தேன் ஊற்றின மாதிரி இருந்தது.

பிறகு அடாப்டர் கம்பெனிக்குச் செல்போனில் கூப்பிட்டார். ஒரு பெண் பேசினாள். நல்ல பொறுமைசாலி. ஸ்பீக்கரில் போட்டு, சம்பந்தியம்மா ஒவ்வொன்றையும் எனக்குக் கத்திக் கத்திச் சொன்னார். விளக்கு பச்சையா? பச்சை. மணி போகிறதா? போகிறது.

"வீட்ல எத்தனை நெட் பாக்ஸ்னு கேக்குது அந்தப் பொண்ணு. ரெண்டு இருந்தா இந்த மாதிரி ஒரு பக்கம் மட்டும் கேக்காமப் போகுமாம்."

"ஒண்ணுதான்" என்றேன்.

"ஒண்ணுதான்னு சொல்றாரும்மா."

அப்படியானால் ஒருமுறை எல்லாவற்றையும் அணைத்துப் போட்டுப் பாருங்கள், சரியாகாவிட்டால் மறுபடி கூப்பிடுங்கள் என்று அந்தப் பெண் வைத்துவிட்டாள். அணைத்துப் போட்டோம். அதே கிணறு.

சம்பந்தியம்மா டார்ச்சை எடுத்தார். "நெட்டு வீட்டுக்குள்ள எங்க வருது?" என்றார். கூடத்து ஜன்னலைக் காட்டினேன். அங்கே போய் ஒயரைப் பிடித்தார். குழாயைத் தடவுகிற மாதிரியே தடவிக்கொண்டு வந்தார். ஜன்னலில் நுழைந்து, கூடத்தில் இருக்கிற புது நெட் பாக்ஸுக்குப் போனது. அதிலிருந்து ஒரு ஒயர் கிளம்பி, சுவரோரமாக ஓடி, கதவு நிலைக்கு மேல் ஏறி இறங்கி, நடைக்கு வந்தது. அவர் மண்டியிட்டு அதன் பின்னாலேயே வந்தார். குளியலறைக்குப் பக்கத்தில் உள்ள பலகைமேல் ஏறியது. அங்கே நின்றார். டார்ச்சை அடித்தார்.

"இது என்ன சம்பந்தி?"

"அது விளக்கு."

"விளக்கா?"

"ராத்திரி குளியலறைக்குப் போறப்ப இடறாம இருக்க. வரிசையா பச்சை விளக்கு எரியுது பாருங்க. நாலு பேர் இடறி விழுற இடம் இது. மாப்பிள்ளை எடுத்துடுறேன்னு சொன்னப்பகூட நான்தான் வேணாம்னேன்."

"அவன் எதை எடுத்துடுறேன்னான்?"

"பழைய நெட் பாக்ஸை."

சொன்னபிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது.

புது நெட் போட்டபோது நடந்தது அது. பழைய பாக்ஸைத் தூக்கிப் போடலாம் என்றான் மருமகன். எங்கள் வீட்டில் எரிகிற எதையும் தூக்கிப் போடுகிற வழக்கமில்லை. புது மாப்பிள்ளை, மாமனார் பேச்சைத் தட்ட முடியுமா? புதிய பாக்ஸிலிருந்து ஒரு ஒயரை இழுத்துப் பழையதில் செருகி, அதையும் எரிய விட்டுவிட்டுப் போனான். அன்றிலிருந்து எங்களுக்கு அது விளக்குதான். போன் நடையில் இருந்ததால் அடாப்டரை நான் பக்கத்தில் இருந்த விளக்கிலேயே செருகிவிட்டேன். மருமகனோ கூடத்தில் இருப்பதில் செருகியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டான்.

சம்பந்தியம்மா மறுபடி கம்பெனிக்குக் கூப்பிட்டார். இந்தத் தடவை அவர் சிரித்த சிரிப்பில் அந்தப் பெண்ணும் சிரித்தாள்.

"கண்டுபிடிச்சிட்டேம்மா! அவரு அதை விளக்குன்னு வச்சிருக்காரு... ஆமா, விளக்கு! ராத்திரிக்கு!... ஆங்... ஆங்..." போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இந்த மாதிரி பாக்ஸ் ஒவ்வொண்ணும் வாசல் காவக்காரன் மாதிரியாம். உள்ள இருந்து போறவனை விட்டுடுவான். வெளிய இருந்து வர்ற பேச்சு முதல் ஆள்கிட்ட வருது. யாருக்குன்னு கேக்குறான். விளக்குக்குப் பின்னாடி இருக்கிற ஆள அவனுக்குத் தெரியாது. அங்கயே நின்னுடுது. என் பாஷையில சொன்னா ஒரு பக்கம் மட்டும் விடுற வால்வு ரெண்டு, ஒரே லைன்ல."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"வீட்டுக்குள்ள வால்வை வச்சுக்கிட்டு விளக்குன்னு சொன்ன ஆளா பேசுறது?"

போனையும் அடாப்டரையும் கூடத்துக்குத் தூக்கினோம். நான் புது பாக்ஸில் அவசரமாகச் செருகினேன். அடாப்டரில் சிவப்பு விளக்கு துடித்தது. ரிசீவரை எடுத்தேன். டயல் டோன்கூட இல்லை. உருவி மறுபடி செருகப் போனேன். கையில் ஓர் அடி விழுந்தது.

"தண்ணி வர்றதுக்கு முன்னாடி குழாய்ல காத்துதான் வரும். அதுக்குள்ள திருகித் திருகி உடைக்கக் கூடாது. எல்லாத்தையும் அணைங்க. முதல்ல பெரியவனுக்குப் போடுங்க. அவன் நல்லா முழிச்சு உக்காரட்டும். அப்புறம் சின்னவன்."

நெட் பாக்ஸைப் போட்டோம். காத்திருந்தோம். என் வீட்டுக்காரி காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். நான் குடிக்கவில்லை. பெரியவன் விளக்குகள் ஒவ்வொன்றாக முழித்துக்கொண்டு அசையாமல் நின்றபிறகு அடாப்டருக்குப் போட்டோம். சிவப்பு. சிவப்பு. பிறகு பச்சை. ஊய்ங்.

"பொண்ணுக்குப் போடுங்க" என்றார் சம்பந்தியம்மா. "முதல்ல நீங்கதான்."

மணி அடித்தது. எடுத்தாள். காது மிஷினின் பொத்தானைத் தள்ளினேன். அந்தப் பக்கமிருந்து, மண்டைக்கு நடுவில் நின்று பேசுகிற மாதிரி, என் மகளின் குரல்.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்ம்மா."

"அப்பா! நான் கேட்டதுக்குப் பதில் சொல்றீங்க! கேக்குதா?"

"மூச்சு விடுறதுகூடக் கேக்குதுடி. உனக்குச் சளி பிடிச்சிருக்கா?"

அவள் அழுதாளா சிரித்தாளா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்தக் கூச்சலில் பேத்தி விழித்துக்கொண்டாள். முதலில் ஒரு முனகல். கொஞ்சம் இடைவெளி. அப்புறம் வந்தது பாருங்கள்! பிரஸ் மெஷின் எல்லாம் பிச்சை வாங்க வேண்டும். ரிசீவரைத் தாண்டி, காதைத் தாண்டி, கூடம் முழுக்க. என் வீட்டுக்காரி ஒரு பக்கம் காதைக் கொண்டுவந்தாள். சம்பந்தியம்மா இன்னொரு பக்கம். காது கிழியும் என்று ஓடின இரண்டு பேரும் நானுமாக, மூன்று தலையும் முட்டிக்கொண்டு ஒரே ரிசீவரில். சத்தமே ஆகாது என்று டாக்டர் எனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். நான் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

அழுகை நின்றுவிட்டது.

"இன்னொரு தடவை அழ வை" என்றேன்.

"அப்பா! இப்பத்தான் தூங்க வச்சேன், எழுப்பிவிட்டுட்டு இன்னொரு தடவையா?"

"ஒரே ஒரு தடவைம்மா. சும்மா லேசா."

சம்பந்தியம்மா ரிசீவரை என்னிடமிருந்து பிடுங்கினார். "அடியே, அவரு கேட்டா அழ வச்சுக் காட்டு. எவ்வளவு பாடு பட்டு லைன் எடுத்திருக்கேன்" என்றார். அந்தக் குரலைக் கேட்டதுதான் தாமதம், பேத்தி மறுபடி ஆரம்பித்துவிட்டாள்.

சம்பந்தியம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இப்ப சொல்லுங்க சம்பந்தி. யார் குரல்?"

அவர் குரல்தான். உரித்து வைத்த மாதிரி. ஆனால் மிக்சியையும் அந்த இரண்டு திருகாணியையும் நான் இன்னும் மறக்கவில்லையே.

"சரியாப் பிடிபடல சம்பந்தியம்மா" என்றேன். "நாளைக்கு இன்னொரு தடவை கேட்டுட்டுத்தான் சொல்லணும்."

மறுநாளும் கேட்டேன். அதற்கு அடுத்த நாளும். இன்றைக்கு இதை எழுதுவதற்கு முன்னாலும் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். இன்னும் பதில் சொல்லவில்லை. சம்பந்தியம்மா தினமும் வந்து கேட்டுவிட்டுப் போகிறார். பழைய பாக்ஸிலிருந்து நெட் ஒயரை உருவி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டவர், கரண்டை மட்டும் விட்டுவைத்திருக்கிறார். நடையில் அது ஒற்றைப் பச்சைப் பொட்டாக எரிகிறது. இடறாமல் போய் வர அது போதும்.